ரெண்டு பக்கமும்

ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
ரேஷன் கார்டு நீட்டினால் கேட்டுவிட வேண்டும்:
முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?
வாரிய அலுவலகத்துக்கு எதிரே
ஏழு வருஷமாக நான் கேட்கிற கேள்வி இதுதான்.

பத்தரைக்குத்தான் கதவு திறப்பார்கள்.
ஆறு மணிக்கே வந்து குந்தியிருப்பார்கள்.
பைக்குள் பை, அதற்குள் துணி,
துணிக்குள் காகிதம்.
வெள்ளத்தில் ஊறிய வாக்காளர் அட்டையில்
முகம் இருந்த இடத்தில் நீலக் கறை.
கருமையைக் கூட்டி எடுத்தால்
ஒரு காது மட்டும் விழும்.
"போதும்மா, அவருதான்" என்பாள்
கூட வந்தவள்.

எனக்கும் ஒரு நம்பர் இருக்கிறது.
ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு.
கடை ஓனருக்குத் தெரியாமல்
இலவசமாக எடுத்த காப்பிகளோடு
நானே போய்க் கொடுத்தது.

வியாசர்பாடியில் எட்டுக்குப் பத்து அறை.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு,
கரண்ட்டு யூனிட்டுக்குப் பத்து,
விருந்தாளி வந்து ராத்திரி தங்கினால்
தண்ணிக்குத் தனியாக.
கணக்கெடுக்க ஆள் வந்த அன்றைக்கு
வீட்டுக்காரம்மா என் கையில்
நூறு ரூபாய் வைத்து அழுத்தினாள்.
"புள்ளைங்கள பீச்சுக்கு இட்டுனு போ, குணவதி.
எப்பப் பாத்தாலும் ஜெராக்ஸு ஜெராக்ஸுன்னு."
இவளுக்குள்ளும் இப்படி ஒரு மனசா என்று
அலையில் கால் நனைய நின்றேன்.
சின்னவன் மாங்காய் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன்.
திரும்பி வந்தபோது
எங்கள் கதவில் சாக்பீஸில் ஓர் எண்.
அவள் மகன் பெயருக்கு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு படிவம்.
பதினோராம் கேள்வி:
தற்போதைய முகவரிக்கு ஆதாரம் உண்டா?
வீடில்லை என்று சொல்லவும்
வீட்டுக்காரி கையெழுத்து வேண்டும்.
போட்டாள், அட்வான்ஸில் ஐயாயிரம் ஏற்றிவிட்டு.

ஏசுபாதம் என் வரிசைக்கு முன்னால் இருப்பவர்.
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று.
பதினான்கு வருஷம்.
முதல் மனுவை டைப் அடித்தவர் செத்தே போனார்.
இந்தச் செவ்வாய்க்கிழமை
நாலாக மடித்த ஒற்றைத் தாளோடு வந்தார்.
ரெஜினாள், வயது அறுபத்தொன்று,
இறப்புப் பதிவு எண், முத்திரை.

"இத்தக் குடுத்தா
குடும்பம்னு போட்டது தனி ஆளாயிடுமாம்.
ஃபைலு மொதல்லேர்ந்து போவணுமாம்.
குடுக்கலைன்னு வச்சிக்கோ,
அங்க அவ உயிரோடத்தான் இருக்கா.
இன்னா பண்றது, நீயே சொல்லு."

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது.
ஓடவில்லை என்று சொன்னால் பொய்.
ஆயிரத்து நூற்று அறுபத்தேழு.
அவ்வளவுதான்,
ஒரே ஒரு படி.
கண்ணாடியைத் துடைத்தேன்,
சுத்தமாக இருந்த கண்ணாடியை.
அப்புறம் வாயில் வந்ததைக் கேட்டேன்:
முன்பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?

"ரெண்டும் போடும்மா."

பின்பக்கம் வெறுமை.
ஆனாலும் போட்டேன்.
பச்சை வெளிச்சம் ஒரு முறை போய் வந்தது.
நாலு மடிப்பின் கோடுகள் விழுந்திருந்தன,
ஓரத்தில் என் கட்டைவிரல் நிழல்.
நாலு ரூபாயை எண்ணி வைத்தார்.
வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன்.
ஓனர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குக் கதவு திறந்தது.
கூட்டம் முண்டிக்கொண்டு உள்ளே போயிற்று,
செருப்பு ஒன்று வாசலிலேயே நின்றது.
அவர் காகிதத்தைச் சட்டைக்குள் செருகி
பட்டனைப் போட்டுக்கொண்டு
பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

வெறும் பக்கத்தின் காப்பியை எடுக்க மறந்துவிட்டார்.
சாயங்காலம் வரை டிரேயில் கிடந்தது.
கடை சாத்தும்போது
அதன் மேல்தான் எழுதிப் பார்த்தேன்
இந்த மாத வாடகை, கரண்ட்டு,
சின்னவனுக்கு ஷூ.
மடிப்புக் கோட்டின் மேல் வரும்போதெல்லாம்
பேனா கொஞ்சம் தயங்கியது.
நிஜ மடிப்பு இல்லை அது,
வெறும் மைதான்.