மல்பெரி மாதம்

எரவானில் எங்கள் முற்றத்துக்கு
நிழல் என்று ஒன்றே ஒன்றுதான்.
மல்பெரி மரம்.
அதன் கீழே வராஸ்தாத்தின் வெள்ளை ஓப்பல்.

ருஸ்தாவிச் சந்தையில் வாங்கி
எல்லை தாண்டி அவனே ஓட்டிவந்தது.
நாற்பத்தெட்டுத் தவணை. ஆறு முடிந்தது.
மிச்சத்தை அந்த வெள்ளையின்மேல்
எழுதிவைத்திருப்பதுபோல் துடைப்பான்,
அழுத்தாமல், ஓர் எண்கூட அழிந்துவிடாமல்.

மே முடியும்வரை மரம் சாது.
ஜூனில் ஒரு ராத்திரி
பொத்தென்று கேட்கும்.
அப்புறம் பொத் பொத்.
விடிந்தால் சூறைக்குருவிகள்.
தின்பது மேலே,
கணக்குத் தீர்ப்பது கீழே.

எனக்கு மூன்றாம் மாடி.
ஆஸ்பத்திரி லாண்டரியில் பத்தொன்பது வருஷம்.
ரத்தம், அயோடின், பீட்ரூட் சூப்:
கறைதான் எனக்குச் சோறு போடுகிறது.
காய்ந்த எச்சத்தை அவன் நகத்தால் சுரண்டினபோது
பால்கனியிலிருந்து கத்திவிட்டேன்.
சுரண்டாதே, அதற்குள் மணல் இருக்கும்!
ஈரத்துணியைப் போடு, பத்து நிமிஷம் பொறு,
ஊறினால் அதுவே விடும்.
"சாவி உன்னிடம் இருந்தால் நீயும் சுரண்டுவாய்" என்றான்.
ஆனால் துணியை நனைக்கப் போனான்.

மெழுகு பூசினான்.
மழை முத்து முத்தாய் உருண்டது, அழகுதான்.
பழம் உருளவில்லை.
கிளையை வெட்டச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதினான்.
கையெழுத்து: ஒன்று.
மற்ற பதினேழு வீட்டிலும்
ஜாடிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக் காற்றில்
என் கொடியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பு
கிளிப்போடு பறந்து
அவன் வண்டிமேல் விழுந்தது.
யாரும் விரித்ததுபோல் இல்லை,
யாரோ தூங்கப் போர்த்தினதுபோல.

காலையில் எடுக்கப் போனேன்.
எடுக்க முடியவில்லை.
இரண்டு கிலோ பழம் அதில்.
ஷோகாகாத் வாளியோடு வந்தாள்,
அவள் பையன்கள் கிளையை உலுக்கினார்கள்,
வராஸ்தாத் பல் துலக்கியபடி ஓடிவந்து
விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தான்:
கீழே வெள்ளை.
தூக்கின கையை அப்படியே வைத்துக்கொண்டு
வாயில் நுரையோடு சிரித்தான்.

விரிப்பு அதன்பின் என்னுடையது இல்லை.
ராத்திரி அவன் விரிப்பான்,
காலையில் முற்றம் பொறுக்கும்.
அவன் வீட்டு வாசலில் யாராவது
ஒரு ஜாடி ஜாம் வைத்துவிட்டுப் போவார்கள்.
சுரேன் காய்ச்சின சாராயம்கூட வந்தது ஒரு முறை,
தண்ணீர் பாட்டிலில்.

ஜூன் கடைசியில் பெட்ரோல் பங்கின்
குழல்விளக்குக்கு அடியில்
அவன் பானெட்டைக் குனிந்து பார்த்தானாம்.
வட்ட வட்டமாய்க் கீறல்,
மயிரிழை, ஆயிரம்.
எங்கள் ஊர்ப் புழுதி தெரியுமல்லவா,
கழுவாத வண்டிமேல் துணி போட்டால்
காற்று ராத்திரி முழுக்க
அந்தத் துணியைப் பிடித்துத் தேய்க்கும்.
குருவி செய்யாததைப்
போர்வை செய்திருந்தது.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
துணியைப் பற்றித் தெரியும், பெயின்ட்டைப் பற்றித் தெரியாது,
சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.

இப்போது அடுத்த தெருவில் வெயிலில் நிறுத்துகிறான்.
ஸ்டீயரிங்கைத் தொட்டால் கை பொசுங்குகிறது.
முற்றத்தில் எல்லாம் ஊதா,
ஓப்பல் நின்ற நீள்சதுரம் மட்டும்
இரண்டு நாள் சாம்பல் நிறமாய் இருந்தது.
மூன்றாம் நாள் அதுவும் மூடிவிட்டது.

விரிப்பைத் திருப்பித் தந்தான், மடித்து, இஸ்திரி போட்டு.
பழுத்ததன் கறைக்குக் காயைப் பிழி என்பார்கள்.
பிழிந்தேன். பாதி போயிற்று.
மீதியை அப்படியே கொடியில் போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம்
வராஸ்தாத் அண்ணாந்து பார்க்கிறான்,
கிளிப் இறுக்கமா என்று.
நானும் உள்ளே வந்ததும்
ஒரு தடவை எட்டிப் பார்க்கிறேன்,
இரண்டு கிளிப் போட்டிருக்கிறேன்
என்று தெரிந்தும்.