பென்சிலைக் கீழே வைத்த நேரம்

ஐம்பத்து நாலாம் வருடம், பிப்ரவரி.
விஸ்கான்சினில் எங்கள் ஏரி கல்லாகிவிட்டிருந்தது.
மீன் பிடிப்பவர்களின் கார்கள் பனிமேல் நின்றன.
முக்கால்வாசி ஃபோர்டு, மீதி ஷெவர்லே.
எங்கள் கம்பெனிக் காரை எண்ண
ஒரு கை தேவைப்படவில்லை.

இரண்டாம் மாடியில் வெண்ட்லாண்ட் மோட்டார்ஸின் தலைவர்
ஆர்வில் டெட்ஸ்லாஃப்.
எதிரே, இந்தியானாவிலிருந்து இரவு ரயிலில் வந்த
பிராக்டர் கம்பெனியின் லொவெல் ஸ்டிராண்ட்.
நடுவில் யாரும் தொடாத ரை ரொட்டி.
ஓரத்தில் நான், வாண்டா கொஸ்லிக், சுருக்கெழுத்து,
நிமிடத்துக்கு நூற்றிருபது சொல்.

கதவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.
ஒரு புதுக் கதவுக்கு அச்சு வெட்ட
டெட்ராய்ட்டுக்கு ஆகும் செலவேதான் நமக்கும்;
அவர்கள் அதைப் பத்து லட்சம் கதவுகளுக்குப் பிரிக்கிறார்கள்,
நாம் நாற்பதாயிரத்துக்கு.
சேர்ந்தால் எண்பதாயிரம் என்றார் ஸ்டிராண்ட்.
"நீந்தத் தெரியாத இருவர் கட்டிக்கொண்டால்
அதைப் படகு என்பார்களா?"
இது எங்கள் பொருளாளர்.
நான் எழுதியது:
பொருளாளர் சில ஐயங்களைத் தெரிவித்தார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனபின்
டெட்ஸ்லாஃப் என்னைப் பார்த்து இரண்டு விரலை மட்டும் தாழ்த்தினார்.
பென்சிலை வைத்தேன்.
"இரண்டு வருடம் நான். பிறகு நாற்காலி உனக்கு.
இந்த ஊர் ஆலையை நீ மூடக் கூடாது."
"மூட மாட்டேன்."
கை குலுக்கினார்கள். மோதிரங்கள் உரசிய சத்தம்.
மேசையில் உருண்ட என் பென்சிலை
ஸ்டிராண்ட்தான் பிடித்து நீட்டினார்.
"தொடரலாம், மிஸ் கொஸ்லிக்."

அக்டோபரில்,
முடிதிருத்தும் நாற்காலியில்,
ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையாக இருக்கையில்
டெட்ஸ்லாஃப் போய்விட்டார்.
இயக்குநர்கள் விற்பனைத் துறையின் ஹார்லன் பிரூயிட்டை
உட்கார வைக்கலாம் என்று முணுமுணுத்தார்கள்.

ஸ்டிராண்ட் என் வீட்டுக்கே வந்தார்.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு,
தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.
நான் கேட்டதாக நான் சொல்லும் வாசகம்.
படித்தேன். நாற்காலி இருந்தது.
தேதி இருந்தது. கை குலுக்கியதும் இருந்தது.
"ஆலையைப் பற்றியும் பேசினீர்கள்" என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒன்றுமில்லை,
கொஞ்சம் பனி, ஷ்மிட்கே வீட்டு நாய்.
"அது எனக்கு ஞாபகமில்லை" என்றார்.

எழுதியிருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை.
இருந்தும் கையெழுத்துப் போடவில்லை.
மறுவாரம் பிரூயிட் தலைவரானார்.
அடுத்த இலையுதிர்காலத்தில் ஆலையைப் பூட்டினார்;
நல்ல மனிதர், எங்களோடு நின்று காப்பி குடித்துவிட்டுத்தான் பூட்டினார்.
மீறுவதற்கு அவரிடம் வாக்கு எதுவும் இருக்கவில்லை.
மூவாயிரத்து நானூறு பேர். என் தம்பி காசிமிரும்.

அன்று நான் கையெழுத்துப் போட்டிருந்தால்
ஸ்டிராண்டும் மூடியிருப்பார், தெரியும்.
ஆனால் பூட்டும்போது
என் முகத்தைப் பார்க்க முடியாத ஒருவர்
பூட்டியிருப்பார்.
அதனால் யாருக்கு என்ன லாபம் என்று காசிமிர் கேட்கிறான்.
நூற்றிருபது சொல்லில் ஒன்றும் கிடைக்கவில்லை.

சேர்ந்தபின் வந்த முதல் காரை இன்னும் ஓட்டுகிறேன்.
கதவு வெண்ட்லாண்ட், எஞ்சின் பிராக்டர்.
கதவுக்கு ஒரு சாவி, ஓட்ட ஒரு சாவி.
குளிர்காலத்தில் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கிறது.
உள்ளே போவதற்கு
வலப்பக்கம் ஏறி, கியர்க் கம்பியைத் தாண்டி,
பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
நகர்ந்து நகர்ந்து வர வேண்டியிருக்கிறது
ஓட்டுகிற இடத்துக்கு.