மூன்றாம் ஞாயிறு, ஒலிப்பதிவு

ஏகாம்பரம் வீதியில், சைக்கிள் கடைக்கு மேலே,
முட்டைத் தட்டுகள் ஒட்டிய ஓர் அறை.
மரண அறிவித்தல், மாட்டுத்தீவன விளம்பரம்,
கும்பாபிஷேகத்துக்கு ஓட்டோவில் கட்டி விடுகிற குரல்.
வாடகை வந்துவிடும்.

தை மாதத்து மழை ஞாயிறு.
படியேறி வந்தான் எர்லிண்டோ கபாஹுக்.
கோதுமைக் கப்பலின் இயந்திர அறைக்காரன்.
மழை விட்டு, கப்பலின் வயிற்றைத் திறக்குமட்டும்
சீனன்குடாவில் அவனுக்கு வேலையில்லை.
நெஞ்சைத் தொட்டு "செபு" என்றான்.
எனக்குச் "செம்பு" என்று கேட்டது.
தண்ணீர் கொடுத்தேன்.
மறுக்காமல் குடித்தான்.

பிறகு கைபேசியை நீட்டினான்:
அவன் ஊர்த் தெருவெல்லாம் மேளம்,
குழந்தை இயேசுவைத் தூக்கிப் பிடித்தபடி
பொன்தாள் கிரீடங்கள் நூறு நூறாய்.
மூன்றாம் வரிசைக்கு அடிகளை அமைத்தது அவன் தங்கையாம்.
இரண்டடி முன்னே, ஓரடி பின்னே.
ஆற்றின் ஓட்டம் அப்படித்தானாம்.
எங்கள் டேட்டாவும் அப்படித்தான்:
நகரும், நிற்கும், நகரும்.

அவனிடம் ஒரு பாட்டு இருந்தது.
அவன் மொழியில், அவனே கட்டியது.
ஊரில் ஒரு போட்டி, நள்ளிரவோடு முடிகிறது.
கப்பலில் தூக்கத்துக்குள்ளும் ஜெனரேட்டர் இரைகிறது,
ஒரு மணித்தியாலம் அமைதி வேண்டும், எவ்வளவு?
மரண அறிவித்தலின் விலையைச் சொன்னேன்.
இருப்பதில் அதுதான் மலிவு.

கித்தாரைத் தட்டி "லங்கா" என்றான்.
ஓம், லங்காதான், இறங்கியிருப்பது இங்கேதான் என்றேன்.
தலையை ஆட்டி, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில்
முள் முள்ளாய் ஒரு பழம் கீறினான்.
பலா!
எங்கள் மிருதங்கத்தின் மரத்தில்
அவன் ஊர்க்காரன் ஆறு கம்பி கட்டியிருக்கிறான்.

சப்பாத்தைக் கழற்று என்றேன்.
"சப்பாத்தோஸ்!" என்று சிரித்துக் கழற்றினான்.
மேசையைக் காட்டினான்: "லமேசா."
எவனோ இரண்டு வீட்டிலும்
கேட்காமலே சாமான் இறக்கிப் போயிருக்கிறான்.
பையிலிருந்து உலர்ந்த மாம்பழம் எடுத்து "மங்கா" என்றான்.
இதையாவது நாங்கள் அனுப்பியதாக இருக்கட்டும்
என்று நினைத்துக்கொண்டு மென்றேன்.

முதல் பதிவில் கீழ்க்கடை சம்சுதீனின் சுத்தியல்.
இரண்டாவதில் தகரத்தில் மழை.
மூன்றாவதில் அவனுடைய கால்:
தப் தப், தப். தப் தப், தப்.
ஆடாமல் பாடு என்றேன்.
வாங்கில் இருத்தினேன்.
குரல் செத்துப்போனது.
எழுப்பிவிட்டு, மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினேன்.
காலும் பாடட்டும்.

எதைப் பற்றி என்று கேட்டேன்.
நெடுநேரம் யோசித்தான்.
"திங்கட்கிழமை" என்றான்.
விழா முடிந்த மறுநாள்,
வடிகானுக்குள் மினுங்கும் சட்டைமணிகள்,
வேலைக்குப் போகிற பஸ்ஸில்
ஒருத்தியின் காதடியில் இன்னும் ஒட்டியிருக்கிற பொன்தூள்.

ஒன்பது மணிக்கு அனுப்பத் தொடங்கினோம்.
நள்ளிரவுக்கு இன்னும் மூன்று மணி என்று
நான் தேத்தண்ணி ஊற்றினேன்.
அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து வெளிறிப்போனான்:
எங்கள் ஒன்பதரை அவனுடைய நள்ளிரவு.
எண்பத்து மூன்று வீதம்.
எண்பத்து மூன்று வீதம்.
மாதாவையும் கோணேசரையும் சேர்த்துக் கூப்பிட்டேன்.
எண்பத்து நாலு.

ஒன்பது முப்பத்து நாலுக்கு
திரையில் அவன் மொழியில் ஒரு வரி வந்தது.
வாசித்தான். எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
காசை எண்ணி வைத்து, மீதி மாம்பழப் பையையும் வைத்து
சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு
வெறுங்காலோடு இறங்கிப் போனான்.
மழை விட்டிருந்தது.

விடிய, அன்புவழிபுரத்திலிருந்து ஆள் வந்தது.
"காலஞ்சென்ற தம்பிப்பிள்ளை அவர்களின் இறுதிக்கிரியைகள்"
என்று வாசித்து முடித்தேன்.
திரும்பப் போட்டுக் கேட்டால்
என் குரலுக்கு அடியில், மேசைக்குக் கீழே,
தப் தப், தப்.

அழிக்க எழும்பின கையை
மாம்பழப் பைக்குள் விட்டேன்.
அன்றைக்குத் திங்கட்கிழமை.
ஓட்டோக்காரன் கீழே ஹோர்ன் அடித்தான்.