பிராது

மூன்றாம் ஷிஃப்டில், ரெண்டு பத்துக்கு,
கயிற்றை இழுத்து பெல்ட்டை நிறுத்தியவன் கொளஞ்சிநாதன்.
பைப் துண்டு ஏதோ சிக்கியதென்று நினைத்திருக்கிறான்.
களிமண் கட்டியைக் கடப்பாரையால் நெம்பினால்
ஒரு பக்கத் தாடை.
பதினோரு பல்.
பன்னிரண்டாவதற்குக் குழி மட்டும்.

"பன்னியா இருக்குமா?"
"பன்னிக்கு ஏதுடா இத்தினி நீட்டு வாய்?"

எனக்குத் தெரிந்துவிட்டது.
மச்சான் தணிகாசலத்தின் கெண்டைக்காலில்
பார்த்திருக்கிறேன் இந்த வரிசையை,
இடைவெளி தவறாத குத்துகளாக.
வல்லம்படுகைப் பக்கம், பழைய கொள்ளிடத்தில்
எருமை கழுவ இறங்கிய சனிக்கிழமை.
பிடித்தார்கள், வாயைச் சாக்கால் கட்டினார்கள்,
வக்காரமாரி ஏரியில் கொண்டு விட்டார்கள்.
மறுமாசமே திரும்பிவிட்டது என்கிறான்.
அதுவேதான் என்று யார் கண்டது.

கட்டியை ஓரமாக வைத்தோம். பெல்ட் ஓடியது.
ஐம்பது நிமிஷ நஷ்டத்துக்கு
கொளஞ்சிநாதனுக்கு மெமோ.

விடிந்து வந்தார் மெஹருன்னிசா மேடம்,
புதுச்சேரியிலிருந்து, சவர பிரஷ்ஷோடு.
மண்டியிட்டுத் தூசி தட்டியபடி,
நிமிராமலே சொன்னார்:
"நாம நிக்கிறது ஒரு ஏரியோட அடி."
எத்தனை நாளாச்சு என்று கேட்டான் இவன்.
"ரெண்டு கோடி. மூணும் இருக்கலாம்."
விலை சொல்கிறார் என்று
ஓரடி பின்வாங்கினான்.

வெட்டுச் சுவரைக் காட்டினார்.
வெளுத்த கோடு, கறுத்த கோடு, வெளுத்த கோடு.
வெள்ளம் வந்த மாசம், வற்றிய மாசம்.
என் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்த்தேன்.
நாற்பது வருஷம் வருமாம் அந்த அகலத்தில்.
எங்கள் முந்திரிக் கொல்லையை எடுத்து முப்பத்தெட்டு.
பாக்கித் தொகைக்கு இன்னும் வாய்தா.
நகத்துக்குள் எல்லாம் அடங்கி
கொஞ்சம் இடமும் மிச்சம்.

முதலை கொண்டது விடாது என்பார்கள்.
பல்லிடுக்கில் கெட்டித்துப்போன சேறு,
அதில் ஒட்டியபடி ஒரு மீன் செதில்.
அதை மட்டும் சுத்தம் செய்யாமல் விட்டார் மேடம்.
பழைய பேப்பர் சுற்றி, மாவு பூசி,
எலும்பு முறிந்த காலைப் போல
ஜீப்பில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

ஊற்றுத் தண்ணீரை இறைத்தபடியே இருந்தது பம்ப்.
சேறு போகக் கை கழுவினேன்.
வெதுவெதுப்பு.
அண்ணாந்தேன்.
முந்நூறு அடி மேலே, வெறும் காற்றில்,
ஏறக்குறைய அந்தப் பருந்து திரும்புகிற இடத்தில்
எங்கள் கிணறு இருந்தது.

திங்கட்கிழமை மணவாளநல்லூர் போனேன்,
கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்ட.
எனக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன்.
'குடியிருந்த இடத்திலிருந்து
முன்னறிவிப்பு இல்லாமல்' என்று எழுதி,
இடத்தை அடித்து நீர்நிலை என்று திருத்தியிருக்கிறேன்.
எப்போது திருத்தினேன், தெரியவில்லை.
'என் வாயில் இருந்ததை நான் விடவில்லை' என்றும்
ஒரு வரி கிடக்கிறது, என் கையெழுத்தில்.
எதிரி பெயர் எழுதும் இடத்தில்
பேனா மை கக்கியது.

கோயிலுக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம்தான் கணக்கு,
கிலோமீட்டருக்கு இத்தனை காசு என்று.
சீட்டு போடுகிறவர் தலை தூக்காமல் கேட்டார்:
"வூடு எங்க?"

தரையைப் பார்த்தேன்.
பிறகு மண்டபத்துக் கூரையை.
"சொல்லுய்யா," என்றாள் பின்னாலிருந்தவள்,
இடுப்புப் பிள்ளையை மாற்றிக்கொண்டே,
"பஸ்ஸு போயிடும்."