பத்தாம் நாள் குழாய்

கோவையிலிருந்து உடுமலைக்கு,
மடியில் தெர்மாகோல் பெட்டி.
"மீனுங்களா?" என்கிறார் நடத்துனர்.
"புழுவுங்க."
சில்லறை பாக்கியைக்கூடத் தராமல்
முன்பக்கம் போய்விட்டார்.

கொழுமத்தில் மருதாயக்காவின் புழுக்கொட்டகை.
அஞ்சாம் பருவம், ஆறாம் நாள்.
தகரத்தின் மேல் தூறல் விழும் சத்தத்தோடு
மல்பெரித் தழை தீர்ந்துகொண்டிருக்கிறது.
ஒரு புழுவின் மார்பை வெட்டிக் குழாயிலிடுகிறேன்.
தேதி, நேரம்.

நான் தேடுவது ஒரு கதவு.
செல்லுக்குள் இருக்கும் உலையின்
உள்சுவரில் இருக்கிறது.
எரிந்து தீர்ந்தது ஒன்று உள்ளே போனால்தான்
எரியக் காத்திருப்பது ஒன்று வெளியே வரும்.
காலிப் புட்டி கொடுத்தால்தான் சோடா.
கடன் கிடையாது.
உலை, தாய் தந்தது.
கதவு செய்யும் குறிப்போ உலைக்குள் இல்லை;
தாயும் தகப்பனும் சேர்ந்தெழுதிய
உட்கருவில்.

கூட்டுக்குள் போனதும் கோடு சரிகிறது.
மூன்றாம் நாளும் நான்காம் நாளும்
கருவி முனகுவதோடு சரி.
எட்டாம் நாள்,
மும்முனைக் கரண்ட் வந்த
கிணத்து மோட்டார்போல
மார்புத் தசையில் விருட்டென்று ஏறுகிறது.
பத்தாம் நாள் குழாய் மட்டும் காலி.

"பதினேழு வருசமா வளத்தறனுங்,
பூச்சிய ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்.
கூடு அங்காடிக்குப் போயிரும்,
அங்கிருந்து ஆவிக்கு."
எனக்கென்று இருபது கூடு ஒதுக்கினார்,
முப்பத்தஞ்சு கிராம் என்று
நோட்டில் எழுதிக்கொண்டு.

விடியக்காலை, முறத்தில்
ஈரம் உலராத ஒன்று.
ஆண்.
தின்ன வாய் கிடையாது.
சேர்த்துவைத்த கொழுப்பு தீரும்வரைதான்.
இறக்கை அடிக்கிறது,
கூட்டின் நூல்பிசிறு பறக்க,
முறம் அதிர,
தான் மட்டும் இருந்த இடத்திலேயே.

"பறக்குமுங்களா?"
"பறக்காதுங்க. மனுசன் வளத்தி வளத்தி
அது மறந்துபோச்சு."
"அப்பறம் என்னத்துக்குங்
இத்தனை அடி அடிக்குது?"

மறக்கவில்லை என்று
என் கோடு சொல்கிறது.
கதவு அத்தனையும் திறந்து கிடக்கிறது,
போக வானம்தான் இல்லை
என்று சொல்ல வந்து,
இடுக்கியைத் துடைத்தேன்.

"சித்தெ இருங்" என்றார்.
குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்,
அடுப்பில் பால் பொங்கும் வாசம் வந்தும்
எழவில்லை.
பெட்டிக்குள் பனிக்கட்டி இளகிக்கொண்டிருந்தது.

குழாயின் மேல் 6.10 என்று எழுதியதை அடித்து
6.50 என்று எழுதினேன்.