கடை மூடியிருக்கு

கொரடாச்சேரி வங்கியின் மேற்குச் சுவரில்
ஏ.சி. பெட்டி ஒழுகுமிடத்தில்
உள்ளங்கை அகலத்துக்குப் பாசி.
மேலே அனல்காற்று, கீழே சொட்டுநீர்.
நடுவில் வாடகை தராமல் குடியிருந்தது.

வாசலில் காவல் எனக்கு.
பாஸ்புக் கூட்டம் வடிந்த மதியங்களில்
போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

வியாழன்தோறும் மெஹராஜ் பானு வருவாள்,
கூத்தாநல்லூர் பஸ்ஸில். ஆராய்ச்சி படிப்பு.
கொரோனாவில் நம் நெற்றிக்கு நீட்டினார்களே
அதே துப்பாக்கியைப் பாசிக்கு நீட்டுவாள்.
முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
எழுதிக்கொண்டு போவாள்.
நாற்பத்தொன்றைக் காய்ச்சல் என்று
அவளும் சொல்லவில்லை, பாசியும் சொல்லவில்லை.

கத்திரி பிறந்த நான்காம் நாள்
கம்ப்ரசர் போனது. சொட்டு நின்றது.
பாசி இலைகளைத் தண்டோடு ஒட்டி
குடைபோல மடக்கிக்கொண்டது.
பிறகு கறுத்தது.
தொட்டால் பழைய ஷூ பிரஷ்.

வெண்ணாற்றில் மணல் காய்ந்துகொண்டிருந்தது.
மேட்டூர் திறக்க ஒரு மாசம் ஆகும் என்றார்கள் டீக்கடையில்.
எனக்குப் பொறுக்கவில்லை.
மதியம் இரண்டரைக்கு
குடிக்க வைத்திருந்த பாட்டிலைச் சாய்த்தேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை,
மடங்கியது எல்லாம் விரிந்தது.
பச்சை. அப்படியொரு பச்சை.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.
மேனேஜரிடம் சொல்லவில்லை.
மறுநாளும் இரண்டரைக்கு ஒரு பாட்டில்.
அதற்கு மறுநாளும்.

வியாழன் அவள் வந்தபோது
வடிகஞ்சி நிறத்தில் வெளுத்துக் கிடந்தது.
"தண்ணி ஊத்தினீங்களா?"
கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

காய்ந்த பாசி செத்த பாசி இல்லையாம்.
உயிரை மடித்து உள்ளே வைத்துவிட்டு
கடையைப் பூட்டியிருக்கிறதாம்.
பூட்டியிருந்தால் அறுபது டிகிரியும் வெளியேதான் நிற்கும்.
நனைந்தால் கதவு திறந்துவிடும்.
அந்த நேரம் பார்த்து வெயில் உள்ளே வந்தால்
குடித்த தண்ணீரே உலைத்தண்ணீர்.

"சாயங்காலமா ஊத்தியிருந்தா..."
என்று ஆரம்பித்து
பையின் ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

குழாய்க் கொக்கிக்குப் பின்னால்
என் பாட்டில் எட்டாத இடத்தில்
கட்டைவிரலளவு கறுப்பு மிச்சம்.

ஆனியில் வெள்ளையடிக்க வந்தான் வேதமூர்த்தி.
அதை மட்டும் விட்டுவிட்டு அடி என்றேன்.
"அழுக்கையா? ஏண்ணே?"

வாசலில் நாலு மணிக்கு மேல் வருகிறவர்களிடம்
சொல்லிப் பழகிய வாய்.

கடை மூடியிருக்குப்பா.
அப்புறம் வா.