செட்டு

மொழியியல் படிக்கிறேன் என்றால்
எத்தனை மொழி தெரியும் என்கிறார்கள்.
ஒன்றே முக்கால்.
அம்மாபேட்டை முக்கில் தட்டுவடை விற்கும்
மாதேஷுக்கு நாலு.
தமிழில் சட்னி ஊற்றுவான்,
கன்னடத்தில் வீட்டுக்குப் போன் பேசுவான்,
தறிக்காரப் பெண்களுக்குச் சௌராஷ்டிரத்தில் விலை,
கடன் கிடையாது என்பதை மட்டும்
தெலுங்கில் சொல்வான்.
பட்டம் எனக்குத்தான் தருகிறார்கள்.

என் ஆய்வு அந்தக் கடையின் ஒரே ஒரு சொல்:
செட்டு.
இரண்டு தட்டுவடை, நடுவே பீட்ரூட் கேரட் துருவல்,
பச்சைச் சட்னி, பூண்டுச் சட்னி.
எங்கிருந்தோ வந்த 'செட்'டுக்குக்
கடைசியில் ஒரு உகரம் வைத்துத் தருகிறான் மாதேஷ்.
அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினேன்.
அதுவரை
"ரெண்டு செட்டு, ஒரு நொறுக்கல், காரங் கம்மி" என்று
கத்திக்கொண்டிருந்தவன்
சட்டைக் காலரைச் சரிசெய்தான்.
"வணக்கம். இங்கு தட்டுவடைகள்
சுகாதாரமான முறையில் வழங்கப்படுகின்றன."
அணைத்தேன்.
"என்ன மேடம், சரியாப் பேசுனனா?"
இப்படிப் பதினான்கு கோப்புகள்.
பதினான்கிலும் செய்தி வாசிக்கிறான்.

நெறியாளர் இளஞ்சேரல் சொன்னார்:
யாரையும் திருத்தாதே,
பேசுவதை விவரி, தீர்ப்பு எழுதாதே,
அதுதான் நம் துறை.
சொல்லிவிட்டு
என் முதல் இயலைத் திருப்பித் தந்தார்.
சிவப்பு மையில் அறுபத்தொரு திருத்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
பெயர்ப்பலகை பார்க்க வந்தார் அதிகாரி பூவண்ணன்.
'மாதேஷ் தட்டுவடை செட்.'
"செட் தமிழ் இல்லையே."
"மாதேஷும் தமிழ் இல்லீங்களே சார்."
"அதை விடு. இணை என்று போடு."
"மணமகன் தேவை மாதிரி இருக்குதுங்க."
"அப்படியானால் தொகுதி.
தட்டுவடைத் தொகுதி. நடுவில் 'த்' மறக்காதே."
வரிசையில் யாரோ, "சேலம் வடக்கா, தெற்கா?"
"டெபாசிட் கட்டணுங்களா சார்?" என்றான் மாதேஷ்,
மிகப் பணிவாக.

அதிகாரி சிரிக்கவில்லை. சாப்பிட்டார்.
வாய் நிறைய வைத்துக்கொண்டு தட்டை நீட்டினார்:
"இன்னொரு செட்டு."
பைக்குள் கருவி ஓடிக்கொண்டிருந்தது.
என் ஆய்வேட்டில் இயல்பான பேச்சு
அது ஒன்றுதான்.

ஒப்புதல் இல்லாமல் சேர்க்கக் கூடாது.
மறுநாள் படிவத்தோடு அவர் அலுவலகம் போனேன்.
மூன்று இடத்தில் ஒற்றுப் போட்டார்,
ஓரிடத்தில் எடுத்தார்,
கீழே ஆங்கிலத்தில் கையெழுத்திட்டார்.

பலகை வெள்ளையடித்து வெறுமனே நிற்கிறது.
ஒற்றுக்கும் முழு எழுத்துக் கூலி என்கிறார் பெயிண்டர்.
'த்' பற்றி மாதேஷ் இன்னும் முடிவெடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை
டியூஷன் விட்டு வந்த பையன்கள்:
"அண்ணா, ரெண்டு தொகுதி!"
முறுக்கும் சேர்த்தால் கூட்டணி.
நொறுக்கலுக்குக் கவுந்த ஆட்சி.
கேட்காமலே மேலே ஊற்றப்படுவதால்
பூண்டுச் சட்னி ஆளுங்கட்சி.
யாரும் ஆணை போடவில்லை.
கொலுசுப் பட்டறை ஆட்கள் திங்கட்கிழமைக்குள்
செவ்வாய்பேட்டை வரை கொண்டுபோய்விட்டார்கள்.

பூவண்ணன் வந்து நின்று கேட்டார்.
எல்லாம் தமிழ்.
ஒரு சொல்லிலும் குற்றமில்லை.
முகம் மட்டும் ஏனோ சுருங்கியது.

என் முறை வந்தது.
பழக்க தோஷத்தில் "ஒரு செட்டு" என்றேன்.
மாதேஷ் குனிந்தான்.
பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காதபடி,
"இப்பல்லாம் தொகுதின்னுதான் மேடம் சொல்றது.
படிச்சவங்க, நீங்களே..."

எழுதிக்கொண்டேன்.
நாற்பத்திரண்டாம் பக்கம் முழுக்கப்
பச்சைச் சட்னி.